நிமிர்ந்து நிற்கும் உடல்: மேல், கீழ், வலம், இடம் என்னும் சொற்களைப் பற்றி

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். பண்டிதரைப் பற்றிப் பேசும்போது அவருடைய பௌத்தத்தைப் பேசுகிறோம். 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைப் பேசுகிறோம். அவர் ஒரு சித்த மருத்துவர் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நாடி பிடித்துப் பார்த்த அதே கைதான் அந்த இதழையும் எழுதியது. ஒரு சொல்லை எடுத்து, அதன் தோலை உரித்து, உள்ளே எந்த வரலாறு புதைந்திருக்கிறது என்று பார்ப்பது பண்டிதரின் வழி. அந்த வழியில் இன்று நாம் எடுத்துக்கொள்ளும் சொற்கள் மிகச் சாதாரணமானவை. மேல், கீழ், முன், பின், வலம், இடம், எலும்பு, தசை. உடற்கூறியல் வகுப்பின் முதல் வாரத்தில் சொல்லித்தரும் சொற்கள் இவை. சாதியின் அகராதியிலும் இதே சொற்கள்தாம் முதல் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே சொற்களைக் கொண்டு இரண்டு வெவ்வேறு உடல்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதே இன்று நாம் சொல்ல வருவது.

கைகட்டி நின்ற அம்மா

சில ஆண்டுகளுக்கு முன், திருச்சியில் காவிரிக் கரையை ஒட்டிய ஒரு தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் உடல்நல வகுப்பு ஒன்றை நடத்தினோம். சுவரில் எலும்புக்கூட்டுப் படம் ஒன்றை மாட்டியிருந்தோம். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா வந்திருந்தார். இளவயதில் கழிவுக் கூடையைத் தலையில் சுமந்தவர். பிறகு தள்ளுவண்டி தள்ளியவர். "பிடரியில கிளம்பி, தோள் வழியா, கட்டைவிரல் வரைக்கும் மின்னல் மாதிரி இறங்குது தம்பி" என்றார்.

டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டோம்.

"எங்கே வலிக்குதுன்னாரு. கைன்னேன். மேசைக்கு அந்தாண்ட இருந்தே கைக்கு மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு."

அவருக்கு வலி தெரிந்தது கையில். அது பிறந்தது கழுத்தில். கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் புறப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் தலையில் பாரம் ஏறினால் எலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டுகள் தேயும். நரம்பு நெருக்குண்டால் வலி விரல் வரை இறங்கும். அம்மாவிடம் வலி இருந்தது. வலியின் பாதையைச் சொல்லும் சொல் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் சொல் இருந்தது. எழுந்து வந்து தொட்டுப் பார்க்கும் கை இல்லை.

இன்னொன்றும் அன்று நடந்தது. எலும்புகளைத் தொட்டுக் காட்டுவதற்காக, "படத்துல இருக்கிற மாதிரி நேரா நில்லுங்கம்மா" என்றோம். எழுந்து நின்றார். தலை சற்றுக் கவிழ்ந்தது. இரண்டு கைகளும் தாமாகவே ஏறி மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டன. கைகட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. படிப்பு சொல்லித்தர வந்தவர்கள் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்பது அவருடைய எலும்புகளுக்குத் தெரிந்திருந்தது.

நேராக நிற்கச் சொல்லும் பாடம்

அந்தச் சுவர்ப்படத்தில் இருக்கும் நிலைக்கு உடற்கூறு நிலை என்று பெயர். உடல் நிமிர்ந்து நிற்கிறது. பார்வை நேரே இருக்கிறது. பாதங்கள் முன்னோக்கி இருக்கின்றன. கைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன. உள்ளங்கைகள் முன்பக்கம் பார்த்து விரிந்திருக்கின்றன. உலகில் எங்கே உடற்கூறியல் படித்தாலும் இதே நிலைதான் பாடம்.

எல்லாத் திசைச் சொற்களும் இந்த நிலையை வைத்தே பொருள் கொள்கின்றன. தலையை நோக்கியது மேல், பாதத்தை நோக்கியது கீழ். மார்பும் வயிறும் இருப்பது முன், முதுகு இருப்பது பின். உடலை நட்டநடுவே பிரிக்கும் கோட்டை நெருங்கியது உட்பக்கம், விலகியது வெளிப்பக்கம். கை கால்களுக்கு இன்னொரு இணை உண்டு. உடம்போடு பொருந்தும் இடத்துக்கு அருகில் இருப்பது அண்மை, தள்ளி இருப்பது சேய்மை. மணிக்கட்டை விட முழங்கை அண்மை. விரல் நுனி சேய்மை.

உள்ளங்கை ஏன் முன்னே பார்க்க வேண்டும்? முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கை முன்னே பார்க்கும்போது அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நிற்கும். உள்ளங்கையைப் பின்னுக்குத் திருப்பினால் கட்டைவிரல் பக்கத்து ஆர எலும்பு மற்றதன் மேல் குறுக்கே படுத்துக்கொள்ளும். எலும்பு எலும்பை மறைக்காமல் நிற்கும் நிலை எதுவோ அதையே பாடத்துக்கு அளவாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பாடத்தில் மூன்று விதிகள் இருக்கின்றன. முதலாவது: உடல் எப்படிக் கிடந்தாலும் அது நிற்பதாகவே எண்ணிப் பேச வேண்டும். மேசையில் மல்லாந்து கிடக்கும் பிணத்துக்கும் தலைதான் மேல், பாதம்தான் கீழ். இரண்டாவது: வலம், இடம் என்பவை அந்த உடலின் வலமும் இடமும், எதிரே நின்று பார்ப்பவருடையவை ஆகா. மூன்றாவது: இந்தச் சொற்களில் உயர்வு தாழ்வு கிடையாது. மூக்கு வாய்க்கு மேல், நெற்றிக்குக் கீழ். ஒரே உறுப்பு ஒன்றுக்கு மேலாகவும் மற்றொன்றுக்குக் கீழாகவும் இருக்கிறது. மூளைக்குக் கீழே இருப்பதால் இதயம் தாழ்ந்தது என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை.

நிமிர்ந்து நிற்க வைத்துப் பார், அந்த உடலின் பக்கத்திலிருந்து பேசு, இடத்தைச் சொல்லும்போது மதிப்பைக் கலக்காதே. இவ்வளவுதான் விதிகள். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நம்முடைய வரலாற்றைப் படித்துப் பார்ப்போம்.

மேலும் கீழும்

ரிக் வேதத்தின் புருஷ சூக்தம் ஓர் உடலை வரைகிறது. வாய் பிராமணர், கைகள் அரசர், தொடைகள் வைசியர், பாதங்களிலிருந்து சூத்திரர். 1946-இல் வெளிவந்த 'சூத்திரர்கள் யார்?' நூலைப் பாபாசாகேப் அம்பேத்கர் இந்தப் புதிரிலிருந்துதான் தொடங்குகிறார். உலகின் தோற்றத்தைச் சொல்லும் கதைகள் எல்லா இனத்தாரிடமும் உண்டு. சமூகத்தின் அடுக்கையே படைப்பின் சட்டமாக்கி, அதை ஓர் உடலின் மேல் எழுதிவைத்ததுதான் இங்கே நடந்தது. அந்த உடலில் நமக்குப் பாதத்திலும் இடமில்லை. நாம் உடலுக்கே வெளியே வைக்கப்பட்டவர்கள்.

இந்த உடலை உடற்கூறியலின் கணக்கோடு ஒப்பிடுங்கள். வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள். ஒரு கையின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 27. ஒரு பாதத்தில் கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை 26. இரண்டு கைகளுக்கும் இரண்டு பாதங்களுக்கும் சேர்த்து 106. மனித எலும்புகளில் பாதிக்கு மேல் உழைக்கும் கையிலும் மிதிபடும் பாதத்திலும்தான் இருக்கின்றன. அவ்வளவு நுட்பமான வேலையை அந்த உறுப்புகள் செய்கின்றன. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை வில்போல வளைந்து, உடலின் முழு எடையையும் வாங்கி, அடுத்த அடிக்குத் தள்ளிவிடும் பாதத்தைத் தாழ்ந்தது என்று சொன்னவர்கள், ஒருநாளும் அதைத் தொட்டுப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

கீழ் என்ற சொல் வேதத்தோடு நின்றுவிடவில்லை. நம் ஊர்களில் அது சட்டமாகவே நடந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிந்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் உடுத்தக் கூடாது. பெண்கள் உடலின் மேற்பகுதியை இரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. செருப்பு, குடை, தங்கம், வெள்ளி, பூ எதுவும் கூடாது. மண்பாண்டத்தைத் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே என்ற சொற்களைக் கவனியுங்கள். உடற்கூறியலில் ஒரு காயத்தின் இடத்தைச் சொல்லப் பயன்படும் சொற்கள், இங்கே காயத்தை உண்டாக்கப் பயன்பட்டிருக்கின்றன.

உடையோடு நிலையும் விதிக்கப்பட்டது. துண்டை இடுப்பில் கட்டு, கைகட்டு, வாய்பொத்து, குனி. இவை ஒவ்வொன்றும் தசைக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவு. தசை பழக்கத்துக்கு அடங்கும். நாள்தோறும் குனிந்தால் மார்புப் பக்கத்துத் தசைகள் சுருங்கும். முதுகுப் பக்கத்துத் தசைகள் இழுபட்டுத் தளரும். பிறகு நிமிர நினைத்தாலும் உடல் இடம்கொடுக்காது. நம் அம்மாவின் கைகள் தாமாக ஏறியதன் வரலாறு இதுதான்.

வலங்கையும் இடங்கையும்

மேல், கீழை அறிந்த அளவுக்கு நம் இளைஞர்கள் வலங்கை, இடங்கையை அறியவில்லை. சோழர் காலத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தமிழ்ச் சாதிகளில் பல இந்த இரண்டு கைகளில் ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்தன. இரண்டிலும் 98 சாதிகள் என்பது மரபான கணக்கு. திருச்சி மாவட்டம் ஊட்டத்தூரில் மூன்றாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இடங்கைச் சாதியார் வேள்விக் குண்டத்திலிருந்து பிறந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டு, இனி ஒன்றாக நிற்போம் என்று அதில் உறுதி எடுக்கிறார்கள்.

நம்மையும் இந்தக் கைகள் பிரித்தன. பறையர் வலங்கை என்றும், பள்ளரும் அருந்ததியரும் இடங்கை என்றும் வைக்கப்பட்டார்கள். ஒரே வீட்டில் கணவன் இடங்கை, மனைவி வலங்கை என்று காலனியப் பதிவுகள் சொல்லும் விந்தையும் உண்டு. 1707-இல் சென்னையில் எந்தத் தெரு எந்தக் கைக்கு உரியது, எந்த ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்று பெரும் சண்டை மூண்டது. சொத்துள்ள சாதிகள் தலைமை தாங்கிய அந்த மோதல்களில் இரண்டு பக்கத்துக் காலாட்களாகவும் நம் மக்கள் நிறுத்தப்பட்டார்கள்.

யாருடைய வலம்? யாருடைய இடம்? உடற்கூறியல் அந்தந்த உடலின் வலத்தைக் கேட்கும். வலங்கையும் இடங்கையும் அரசனின் உடலை நடுவில் வைத்து எண்ணப்பட்டவை என்று ஒரு விளக்கம் உண்டு. எப்படியாயினும் அந்த எண்ணிக்கையில் நம்முடைய உடல் நடுவில் இருந்ததில்லை. இன்னொருவருக்கு வலதாகவோ இடதாகவோ இருப்பதுதான் நம் அடையாளமாக இருந்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கையும் வரலாறு வைத்திருக்கிறது. விஜயநகர ஆட்சியின்போது, 1429-ஐச் சேர்ந்த கல்வெட்டுகள் சில, பழைய தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளில் கிடைத்திருக்கின்றன. வரிக்கொடுமையை எதிர்த்து வலங்கையும் இடங்கையும் ஒன்று சேர்ந்ததை அவை சொல்கின்றன. இரண்டு கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்த மண்ணின் உழைப்பாளிகளுக்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பட்டியல் சாதிகளுக்குள் இன்னும் கை பிரித்து நிற்கும் நாம் அதை மறந்திருக்கிறோம்.

பாதத்திலிருந்து தொடங்கியவர்

உறையூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் காவிரி ஓடுகிறது. திருப்பாணாழ்வாரின் கதை அந்த ஆற்றைப் பற்றிய கதை. பாணர் குடியில் வளர்ந்தவர். அரங்கத் தீவில் கால்வைக்கக் கூடாதவர். தென்கரையில் நின்று கோயிலைப் பார்த்துப் பாடுகிறார். பூசைக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்கிறார். பாட்டில் கரைந்திருந்தவருக்குக் கேட்கவில்லை. கல் பறந்து வந்து நெற்றியில் படுகிறது. பிறகு அரங்கனின் ஆணைப்படி அதே முனிவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார் என்கிறது வைணவ மரபு. அதனால் அவருக்கு முனிவாகனன் என்று பெயர்.

அவர் பாடியதாகக் கிடைப்பது 'அமலனாதிபிரான்' என்ற பத்துப் பாசுரங்கள். ஒரு கிடந்த உடலை அது பார்த்துச் செல்கிறது. பாதம், உடுத்த ஆடை, உந்தி, வயிறு, மார்பு, கழுத்து, வாய், கண், கடைசியில் முழு மேனி. இறைவனைப் பாதத்திலிருந்து முடிவரை பாடுவதைப் பாதாதிகேசம் என்பார்கள். மரபு அது என்பது உண்மைதான். ஆனாலும் சமூகத்தின் கணக்கில் பாதத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், பாதத்திலிருந்து தொடங்கி ஓர் உடலின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு ஏறுவதை நாம் மரபு என்று மட்டும் வாசிக்க வேண்டியதில்லை. மேற்கே தலையும் கிழக்கே பாதமுமாக அரங்கன் கிடக்கிறார். கிடக்கும் உடலுக்கும் பாதம் கீழ், தலை மேல் என்று வைத்து அவர் பார்வை நடக்கிறது. முதல் விதியை அவர் அறிந்தே இருந்தார்.

கதையின் முடிவையும் நாம் மறைக்கக் கூடாது. தோளில் ஏறி உள்ளே போன அந்த உடல் திரும்பி வரவில்லை. அரங்கனோடு கலந்துவிட்டது என்கிறார்கள். தில்லையில் நந்தனாரும் தீயில் புகுந்துதான் உள்ளே போனார். வேதாந்த தேசிகர் போன்ற பெரும் ஆசாரியர்கள் திருப்பாணரின் பாசுரங்களுக்கு உரை எழுதினார்கள். அவருடைய மக்களுக்குத் தெரு திறக்கவில்லை. பாட்டு உள்ளே இருக்கலாம், பாடிய சாதியின் உடல் வெளியே என்பதுதான் ஏற்பாடு.

அதே மதில்களுக்குள் மருத்துவமும் இருந்தது. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இன்றும் இருக்கிறது. அங்கே ஆரோக்கியசாலை ஒன்று இருந்ததையும், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அது புதுப்பிக்கப்பட்டதையும் கல்வெட்டு சொல்கிறது. கோயிலுக்குள் மருத்துவமனை நடத்தியது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். இருபதாம் நூற்றாண்டில் ஆலய நுழைவுப் போராட்டங்களும் சட்டங்களும் வரும்வரை அந்த மதிலைத் தாண்ட முடியாதவர்களின் முறிந்த எலும்பை யார் கட்டினார்கள் என்று கல்வெட்டில் எழுதப்படவில்லை. அவர்களுடைய எலும்பை அவர்களே கட்டிக்கொண்டார்கள்.

தொட்டவர் யார், எழுதியவர் யார்

எலும்பையும் தசையையும் இந்த நாட்டில் கையால் அறிந்தவர்கள் யார் என்று கேட்டால் விடை நம் தெருக்களில்தான் கிடைக்கும். செத்த மாட்டை உரித்தவருக்குத் தோலுக்கும் தசைக்கும் நடுவில் எந்தச் சவ்வில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும் என்று தெரியும். தசை எங்கே நாராக மாறி எலும்பைப் பற்றுகிறது என்று தெரியும். அந்தத் தோலிலிருந்து பறையும் செருப்பும் கமலைக்கான சாலும் வந்தன. பிள்ளை பெறுவிக்கும் மருத்துவச்சிக்கு இடுப்பெலும்பின் வாசல் விரல் கணக்கில் தெரியும்.

மயானத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். எந்த எலும்பு முதலில் வெடிக்கும், எது கடைசி வரை வேகாது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் சாம்பலுக்குள்ளிருந்து எலும்பைப் பொறுக்கி, கால் பக்கம் தொடங்கித் தலைப் பக்கம் வரை வரிசையாக எடுத்து வைத்துச் சட்டியில் கொடுப்பவர் அவர்தான். அந்தச் சட்டி அம்மா மண்டபப் படித்துறைக்குப் போகும். மந்திரம் சொல்பவர் காவிரியில் கரைக்கச் சொல்வார். இன்ன எலும்பு இன்ன இடத்தது என்று அறிந்த கைக்கு அறிவாளி என்ற பெயர் கிடைக்கவில்லை. தீட்டு என்ற பெயர் கிடைத்தது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. சுசுருத சம்ஹிதை பிணத்தை ஓடும் நீரில் ஊறவைத்து, அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்துக் கற்கச் சொல்கிறது. பற்களையும் குருத்தெலும்புகளையும் சேர்த்து 300 எலும்புகள் என்று எண்ணுகிறது. தீட்டுக் கோட்பாடு இறுகியபோது அந்தப் படிப்பு செத்தது. தொடுபவர் படிக்கக் கூடாது, படிப்பவர் தொடக் கூடாது என்று ஆனது. பதினோராம் நூற்றாண்டுத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர்சாலையைச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், பணிப்பெண்கள், நாவிதர் என்று ஊழியர் பட்டியலும் அவரவர் கூலியும் அதில் இருக்கின்றன. பட்டியலின் வரிசையே அறிவின் வரிசையாகவும் கூலியின் வரிசையாகவும் இருந்தது.

ஐரோப்பாவிலும் இந்தப் பிளவு இருந்ததை மாணவ நண்பர்கள் அறிய வேண்டும். அங்கே பேராசிரியர் உயரமான நாற்காலியில் அமர்ந்து பழைய நூலைப் படிப்பார். கீழே முடிதிருத்துபவர் பிணத்தை அறுப்பார். நூலில் இருப்பது உடலில் இல்லை என்று யாருக்கும் தெரியாமலே நூற்றாண்டுகள் ஓடின. வெசாலியஸ் நாற்காலியிலிருந்து இறங்கித் தன் கையால் அறுத்தார். 1543-இல் அவருடைய நூல் வந்தது. ஆயிரம் ஆண்டுகளாக ஒப்பிக்கப்பட்ட பிழைகள் பல விழுந்தன. இறங்கி வந்து தொட்டதுதான் நவீன மருத்துவத்தின் தொடக்கம்.

இங்கே 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தபோது அது பெரும் புரட்சியாகப் பேசப்பட்டது. சாதி விலக்கை மீறிய அந்தத் துணிவை நாமும் மதிக்கிறோம். அதற்கு முன்பும் பின்பும் பிணத்தைத் தூக்கியவர்கள், கழுவியவர்கள், தைத்து மூடியவர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை. இன்றும் நாட்டின் பல பிணவறைகளில் அறுக்கும் கை ஊழியருடையது, எழுதும் கை மருத்துவருடையது. அந்த ஊழியர் பெரும்பாலும் எந்தச் சாதி என்று இந்த அரங்கில் சொல்ல வேண்டியதில்லை.

அறுக்கப்படும் உடலும் நம்முடையதுதான். 1951-இன் உடற்கூறுச் சட்டம் உரிமை கோரப்படாத உடல்களைக் கல்லூரிகளுக்குத் தர வழிசெய்தது. உரிமை கோர ஆளில்லாமல் சாகிறவர்கள் யார்? கல்கத்தாவிலிருந்து உலகின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் கப்பலேறின. 1985-இல் இந்திய அரசு தடை செய்யும் வரை அந்த வணிகம் நடந்தது. மேலைநாட்டு வகுப்பறைகளில் நிமிர்ந்து தொங்கிய கூடுகளில் பல, உயிரோடிருந்தபோது நிமிர விடப்படாத ஏழை இந்தியர்களுடையவை.

தமிழில் ஓர் எலும்புக்கூடு

இந்தப் படிப்பைத் தமிழில் சொல்ல முடியாது என்ற பொய்யையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை தேடிப் போய்விடுகிறார்கள், ஊருக்குப் பயன்படுவதில்லை என்று கண்டு, பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். கிரேயின் உடற்கூறியல் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. அறுவை மருத்துவம் 'இரண வைத்தியம்' ஆனது. அந்தச் சொற்களில் வடமொழி மிகுதி. அன்றைய யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வாசலும் எல்லாச் சாதிக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. அந்தக் குறைகளோடும், 150 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் முழு உடலையும் எழுத முடிந்தது என்பது நிரூபணமாயிற்று.

திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரைத் தாங்கியிருக்கிறது. அங்கே பாடம் ஆங்கிலத்தில்தான். நம் வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாக மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகள் இலத்தீன் பெயர்களை உருப்போட்டுத் தேர்வு எழுதட்டும். உலகத்தோடு பேச அது வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பேசவும் அவர்களுக்குச் சொல் வேண்டும். அந்தச் சொல் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. பிடரி, காறை எலும்பு, விலா, புறங்கை, முழங்கால் சில்லு, குதிகால் எல்லாம் மக்களிடம் இருக்கின்றன. கெண்டை மீன்போல் திரண்டிருப்பதால் கெண்டைக்கால் என்று பெயர் வைத்தவர்கள் ஆற்றில் இறங்கி மீன் பிடித்தவர்கள்தாம். அண்மை, சேய்மை, உட்பக்கம், வெளிப்பக்கம் என்ற திசைச் சொற்களை மட்டும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

இரண்டு பக்கமும் 206

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களுடைய கல்லறைகளிலிருந்து ஒரு சுவர் பிரித்தது. அதை எதிர்த்துப் பல போராட்டங்கள் நடந்ததை இங்கே இருக்கும் மூத்த தோழர்கள் அறிவார்கள். தசை அழிந்து, தோல் அழிந்து, எலும்பு மட்டும் மிஞ்சும் இடத்திலும் சாதி ஒரு சுவரை எழுப்பியது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தோண்டி எண்ணினால் 206 எலும்புகள்தாம் வரும். எந்த எலும்பின் மேலும் எந்தச் சாதியும் எழுதியிருக்காது. எழுதியிருப்பது உழைப்பு ஒன்றுதான். பாரம் சுமந்தவரின் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும். சுமக்க வைத்தவரின் கழுத்தெலும்பு வழவழப்பாக இருக்கும்.

நினைவுச் சொற்பொழிவு ஒரு வேலையோடு முடிய வேண்டும் என்பது நம் வழக்கம். இங்குள்ள மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு சுவரில் தமிழ்ப் பெயர்கள் எழுதிய ஓர் உடற்படம் இருக்கட்டும். வாரம் ஒரு மாலை அதன் முன்னால் நின்று நம் மக்கள் தங்கள் உடலின் பெயர்களைச் சொல்லட்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலும் வந்தன. சாக்கடைக் குழிக்குள் சாவு இன்னும் நிற்கவில்லை. இழப்பீடு கேட்கவும், எங்கே எப்படி அடிபட்டது என்று மருத்துவரிடம் சொல்லவும், பிணக்கூறு அறிக்கையைப் படித்துப் பொய்யைப் பிடிக்கவும் இந்தச் சொற்கள் தேவைப்படும். இவை ஏட்டுப் படிப்புக்கான சொற்கள் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள்.

அந்த அம்மாவின் கதை மீதம் இருக்கிறது. நான்கு வாரம் வகுப்புக்கு வந்தார். ஐந்தாம் வாரம் மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து சொன்னார்: "பிடரியில கிளம்புது, தோள்பட்டைக்குப் பின்பக்கமா வந்து, கையோட வெளிப்பக்கத்துல கட்டைவிரல் வரைக்கும் இறங்குதுன்னேன். அந்த டாக்டரு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பாத்தாரு. அப்புறம் மேசையைச் சுத்திக்கிட்டு வந்து கழுத்தைத் தொட்டுப் பாத்தாரு தம்பி."

வலி தீர்ந்துவிடவில்லை. தள்ளுவண்டியும் நிற்கவில்லை. அன்று மாலை படத்துக்கு முன்னால் நின்று அடுத்தவர்களுக்கு அவர்தான் எலும்புகளைக் காட்டினார். உள்ளங்கை இரண்டும் முன்னால் பார்த்து விரிந்திருந்தன.

ஜெய்பீம்.